தலையடியும் மூளை ஊறுபட்டமைக்கு அறிகுறிகளும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்னும் பழமொழியை அறியாதார் நம்மிடையே இலர். ஆயினும், அச்சிரசில் அடிபட்டான் ஒருவனைக் காணுமிடத்து நாம் முதலில் நோக்குவது குருதியையே. குருதி பெருகின் அஞ்சுகின்றோம். பெருகாவிடின் ஒன்றுமில்லை என்று ஆறுதல் கூறி வீட்டிற்கு அனுப்புகின்றோம். தலைத்தோல் குருதிக் கலங்கள் மிக்கதாதலின் சிறு கீறலுக்கும் குருதி சொரியும். மூளை நைந்தவிடத்தோ வெளியே ஒரு துளியும் தோன்றாதிருத்தல் கூடும். ஆதலின் குருதியை அளவுகோலாகக் கொள்ளல் தகாது. நாம் தமிழ் கற்பிப்போமேயன்றி மருத்துவ நூல் வல்லேம் அல்லேம். எனினும், விளையாட்டிடத்திலும் பாடசாலை வாயிலிலும் அடிபட்ட மாணாக்கனுக்கு முதலில் அண்மையில் நிற்பவர் ஆசிரியரும் உடன்மாணாக்கருமே ஆகலின், இப்பொருளை எழுதத் துணிந்தோம்.

மூளை கட்டித் தயிர் போலும் மென்மையுடையது. மூளைய முண்ணாண் பாய்பொருள் என்னும் நீரிலே மிதந்து, மூன்று உறைகளாற் போர்க்கப்பட்டு, என்புக் கூட்டினுள் இருப்பது. உறைகளுள் புறத்தேயுள்ளதை வன்றாயி என்பர். இலத்தீன் மொழியார் வலிய தாய் எனப் பொருள்பட இட்ட பெயரை நம்மவர் அவ்வாறே பெயர்த்தனர். வன்மை, தாயி என்பன புணர்ந்து வன்றாயி ஆயிற்று. மாணாக்கர் இதனையும் புணர்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்க. விரைந்தோடும் வண்டி மோதி நிற்கும்பொழுது மண்டையோடும் உடன் நின்றுவிடும். மூளையோ நில்லாது முன்சென்று என்பில் மோதும். தலை எதிலும் முட்டாமலே மூளை ஊறுபடுதல் இதனாலாம்.

1998ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் 20ஆம் நாள் டாக்கா நகரிலே நிகழ்ந்த கழக ஆட்டமொன்றில், இந்தியக் கிரிக்கெட் வீரர் ரமன் லம்பா, துடுப்பாடுவோனுக்கு மிக அருகே தலைக்கவசமின்றி நின்றார். அடிக்கப்பட்ட பந்து அவர் தலையிற் பட்டுத் தெறித்தது. அவர் எழுந்து தம் காலாலேயே நடந்து வெளியேறினார். சிறிது நேரத்தின் பின் நிலைமை மாறியது. அறுவைச் சிகிச்சை செய்தும் பயனின்றி மூன்றாம் நாள் உயிர் நீத்தார்.

நடந்தவர், பேசியவர், பின்னர் வீழ்வது எங்ஙனம்? காரணம் பல; அவற்றுள் யாவரும் அறிந்திருக்க வேண்டுவதொன்றுண்டு. கண்ணுக்கும் காதுக்கும் இடையேயுள்ள கன்னப்பொறியில் என்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு நாடி ஓடுகின்றது. என்பு பிளக்கும்போது அந்நாடியும் கிழிபடலாம். கிழிபட்டவழி, குருதி என்புக்கும் வன்றாயிக்கும் நடுவே தேங்கி, விரிய இடமில்லாத அவ்வறையினுள்ளே மூளையை மெல்ல மெல்ல நெருக்கும். நெருக்கம் முற்றுமுன் அடிபட்டவன் தெளிவாகவே பேசுவான், சிரிப்பான். சில நிமிடமோ சில மணிநேரமோ நீடிக்கும் இத்தெளிவே நம்மை ஏமாற்றுவது. உரிய வேளையில் என்பைத் திறந்து குருதியை அகற்றுவாராயின் பிழைப்போர் பலர். காலந் தாழ்ப்பின் மீட்டல் அரிது.

இனி அறிகுறிகளைக் கூறுவாம். வரவர மிகும் தலையிடி, மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்பினும் எழாத உறக்கம், நாக்குழறல், ஒருபக்கக் கை அல்லது கால் வலியிழத்தல், வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் கசிதல், அறிந்தாரை அறியாமை, இயல்புக்கு மாறான சினமும் பிதற்றலும். இவற்றுள் ஒன்று தோன்றினும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். கண்மணிகள் இரண்டும் ஒத்த அளவினவாய் இல்லாமையும் ஓர் அறிகுறியே. ஆனால் அது பெரும்பாலும் பிந்தியே தோன்றுவதாகலின், கண்மணி ஒத்திருக்கின்றது என்று கூறி வாளாவிருத்தல் பேதைமை. காதின் பின்னும் கண்ணைச் சுற்றியும் கருநீலம் படிதல் மண்டையோட்டின் அடிப்பகுதி வெடித்தமையைக் காட்டும். அதுவும் உடனே தோன்றுவதன்று. பேசவறியாக் குழந்தையாயின் ஓயாத அழுகையும் பாலை மறுத்தலுமே அதன் மொழி.

இவ்விடத்து நம் துறை சார்ந்த ஒன்று கூறல் வேண்டும். வைத்தியர், என்ன நிகழ்ந்தது என வினவும்போது, மயங்கிவிட்டான் என்று விடை கூறுகின்றோம். மயக்கம் என்னும் இச்சொல் அறிவிழத்தலையுங் குறிக்கும், தலைசுற்றுதலையுங் குறிக்கும், ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் தடுமாற்றத்தையுங் குறிக்கும். இலக்கணத்தாரோ எழுத்துக்கும் வேற்றுமைக்குங்கூட மயக்கம் கூறுவர்! கேட்கும் வைத்தியருக்கு இம்மூன்றும் வேறுவேறான செய்திகளாம். ஆகவே, கண்ணை மூடி இரண்டு நிமிடம் அழைத்தும் பேசாது கிடந்தான் என்றோ, விழித்தேயிருந்தான், ஆயின் தான் எங்கு நிற்கின்றான் என அறிந்திலன் என்றோ, கண்டதைக் கண்டவாறே நேரத்துடன் உரைத்தல் வேண்டும். 1974இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் தீஸ்டேல், ஜெனெற் என்னும் இருவர், கண் திறத்தல், பேச்சு, உடலசைவு என்னும் மூன்றினையும் நோக்கிப் புள்ளியிடும் முறையொன்றை வகுத்தனர். நிறைபுள்ளி 15, அதிற் பேச்சுக்கு 5. புள்ளி 8உம் அதற்குக் கீழும் ஆயின் ஊறு கடுமையானது என்பர்.

அடிபட்டவனை உன் பெயர் யாது என வினவி, விடை பெற்று அமைதியுறுதல் பெருவழக்கு. பெயரை மறத்தல் அரிதினும் அரிது. குலைவது அண்மை நினைவே. 1995இல் அவுஸ்திரேலியாவில் மடொக்ஸ் என்பாரும் உடன் ஆய்ந்தோரும் காற்பந்து வீரரிடத்து இதனை ஆராய்ந்து, இது எந்த மைதானம், இப்போது நடப்பது ஆட்டத்தின் எப்பாகம், இறுதியாகப் புள்ளி பெற்ற அணி எது, சென்ற ஆட்டம் யாருடன், அதில் வென்றோமா என்பன போன்ற வினாக்களே பயன் தருவன எனக் காட்டினர். நம் விளையாட்டுப் பொறுப்பாசிரியரும் அணித்தலைவரும் இவற்றை மனனஞ் செய்துகொள்வாராக. சரியான விடை கிடைத்தாலும் ஆட்டத்தைத் தொடர விடுதல் தகாது. 2019இல் லோர்ட்ஸ் மைதானத்திலே ஆர்ச்சர் எறிந்த பந்து கழுத்திற் பட்டு வீழ்ந்த ஸ்டீவ் ஸ்மித், சோதனைகளில் தேறி மீண்டும் துடுப்பெடுத்தாடினார். குறிகள் பின்னரே தோன்ற, மறுநாள் விலக்கப்பட்டார். ரெஸ்ற் ஆட்டத்திலே இக்காரணம்பற்றி மாற்று வீரர் ஒருவர் இறங்கியது அதுவே முதன்முறை.

செய்யத்தக்கன சில. அடிபட்டவனைக் குலுக்கி எழுப்பலாகாது. கழுத்தென்பும் முறிந்திருக்கலாமாகலின் தலையையும் கழுத்தையும் அசையாது தாங்குக. மூச்சுக்குத் தடையில்லாவிடின் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றாதொழிக. சோடாவும் கோப்பியும் பருக்குவது நம்மவர் அன்பின் செயல். ஆயின் அறிவு தெளியாதவனுக்கு அது மூச்சுக்குழலிற் புகும். அஸ்பிரின் குருதி உறைதலைக் கெடுக்கும். 1990 என்னும் இலக்கத்தை அழைப்பின் கட்டணமின்றி நோயாளர் காவு வண்டி வரும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இச்சேவை 2018இல் வடக்கிற்கும் வந்தது. உறங்க விடலாகாது என்னும் பழைய கொள்கை பற்றியும் ஒரு சொல்: வைத்தியர் நோக்கி வீட்டிற்கு அனுப்பியபின் உறங்குதல் தீதன்று. அருகே ஒருவர் இருந்து, எழுப்பினால் எழுகின்றானா எனப் பார்த்தலே வேண்டுவது.

பிழைத்து மீண்டவன் வகுப்பிற்கு வந்தபின்னும் சில கிழமைகள் தலையிடி, வெளிச்சங் கூசுதல், நினைவுக் குறைவு, எளிதிற் சினத்தல் என்பன இருக்கக்கூடும். கட்டுரையை முடியாது வைத்திருக்கும் அவனைச் சோம்பேறி என ஒறுத்தல் கொடிது. படிப்பைச் சிறிது சிறிதாகவே கூட்டுக. விளையாட்டிற்கு வைத்தியர் அனுமதி தரும்வரை அனுப்பலாகாது; முதலடி ஆறுமுன் படும் இரண்டாமடி சிறிதாயினும் பெருங்கேடு தரவல்லது.

பழைய மாணவருள் முதியோர்க்கும் ஒன்று கூறுவோம். வயது ஏற மூளை சிறிது சுருங்குதலால், அதனையும் வன்றாயியையும் இணைக்கும் நாளங்கள் இழுபட்டு நிற்கும். கிணற்றடியிலே வழுக்கி விழுந்த சிறு அடியிலும் அவை கசியும். குருதியை நீர்மைப்படுத்தும் மருந்து உண்போர்க்கு இன்னும் எளிதிற் கசியும். விழுந்ததை யாவரும் மறந்தபின், இரண்டு மூன்று கிழமை கழித்து, நடை தள்ளாடும், பேச்சுத் தடுமாறும், வீட்டார் இது முதுமை என்பர். அவ்வேளை, அண்மையில் எங்கேனும் விழுந்தாரா என ஒருவர் நினைவுகூர்ந்து வைத்தியருக்கு உரைப்பின், மண்டையோட்டிற் சிறு துளையிட்டுத் தேங்கிய குருதியை வடிப்பர். அதன்பின் பெயரப்பிள்ளைகளை மீண்டும் பெயர் மாறாது அழைக்கும் முதியோர் பலர்.