ஆற்றைப் பிரித்த ஊர்

சீனாவின் செங்டு நகரில் 2 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். ஆனாலும் நிதானமான ஊர் என்றே பெயர். மக்கள் பூங்காவில் மூங்கில் நாற்காலி, மூடி போட்ட கோப்பையில் டீ. அதை வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்காரலாம். காது குடைந்துவிடும் ஆள்கூட வருவார்!

இந்த நிதானத்துக்குக் காரணம் பஞ்சமில்லாத விளைச்சல். அதன் வேரைப் பார்க்க சுமார் 60 கி.மீ. தள்ளி துஜியாங்யான் போகணும்.

கி.மு. 256 வாக்கில் லி பிங் என்ற ஆளுநர் மின் ஆற்றை மறிக்கவில்லை, பிரித்தார். நடுவில் மீன் வாய் போல ஒரு கரை. உள் ஆறு குறுகல், ஆழம். வெளி ஆறு அகலம், மேடு. தண்ணீர் குறைந்தால் சுமார் 60 சதவீதம் உள்ளே வயலுக்கு. வெள்ளம் வந்தால் அதே பங்கு வெளியே. அன்று கதவும் இல்லை, மோட்டாரும் இல்லை. வெடிமருந்தும் இல்லாததால், மலைப் பாறையைத் தீயால் சுட்டு, தண்ணீர் ஊற்றிப் பிளந்து வழி வெட்டினார்களாம்.

எனக்குப் பிடித்தது தூர் வாருவதுதான். எவ்வளவு ஆழம் தோண்டணும்? அடியில் புதைத்த இரும்புத் தண்டு தட்டுப்படும் வரை. நம் சர்வே பாடத்து பெஞ்ச் மார்க்தானே இது! எங்கப்பா வாய்க்கால் தூர் வாரும் கூலிக்காரர், கையெழுத்துப் போடத் தெரியாது. படித்துக் காட்டினேன். "அப்போ அளவுல எவனும் நம்மள ஏமாத்த முடியாதுல்ல"ன்னார்.

2008 பூகம்பத்தில் மீன் வாயில் விரிசல் விழுந்தது, பாசனம் நிற்கவில்லை.

செங்டு போகிறவர்கள் பாண்டா பார்த்ததோடு திரும்பிடாதீங்க. அன்லான் தொங்குபாலத்தில் நின்றால், ஆறு பிரிவது கண்ணெதிரிலேயே தெரியும்.