நீரிழிவும் உழவர் காலும்

நீரிழிவு நகரத்தாருக்கே உரிய நோய் என்னும் எண்ணம் நம் கிராமங்களில் இன்னும் முற்றிலும் அகலவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோருள் 100-க்கு 14 பேருக்கு மேல் இந்நோய் உள்ளதெனக் காட்டிற்று. ஏரோட்டிய காலத்து உணவளவை டிராக்டர் ஓட்டும் காலத்திலும் நாம் குறைக்கவில்லை. கேழ்வரகு உண்டால் அளவு வேண்டுவதில்லை என்று கருதுவதும் சரியன்று.

உழவருக்கு இந்நோயால் வரும் பெருங்கேடு காலில் தொடங்குகிறது. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருப்பின் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கும். இரத்தக் குழாய்களும் குறுகும். வெறுங்காலுடன் சேற்றில் நிற்பவருக்கு முள் தைத்ததே தெரியாது. வலியில்லையே என்று அவர் நடமாடுகையில் புண் ஆழமாகிச் சீழ் கொள்ளும். சில வேளை காலையே எடுக்க நேரிடும். ஆதலின், நீரிழிவுடையோர் நாள்தோறும் மாலையில் கால் கழுவி, விரலிடுக்கின் ஈரந்துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியிலோ வீட்டார் துணையாலோ பார்த்தல் வேண்டும். கொதிநீரில் கால் வைத்தலும், ஆணியைப் பிளேடால் அறுத்தலும் ஆகா. புண் கண்டால் பச்சிலை கட்டிக் காத்திராது, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைக.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். உடல் நலமாயிற்றென்று மாத்திரையைத் தாமே நிறுத்துவோர் பலர். மாத்திரையால் அடங்கிய சர்க்கரை, அதனை விட்டால் மீண்டும் ஏறும். மாத்திரை உண்டு, உணவு உண்ணாது வயலுக்குச் செல்வதும் ஆபத்தே. வியர்வையும் நடுக்கமும் கண்டால் உடனே சிறிது வெல்லமோ சர்க்கரையோ உட்கொள்ளல் வேண்டும். அதனை மடியில் முடிந்து வைத்திருத்தல் நன்று.

நோய் வருமுன் தடுக்கவும் இயலும். நோயின் எல்லையில் நின்ற 531 பேரைச் சென்னை மருத்துவர்கள் மூன்றாண்டுகள் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கம்போல் வாழ்ந்தவருள் 100-க்கு 55 பேர் நோயுற்றனர். நடையும் உணவு ஒழுங்கும் மேற்கொண்டவருள் அது 39 ஆயிற்று.

மருந்தை வீட்டிற்கே கொணரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது. மகளிர் தன்னார்வலர் வீடு வருகையில் உழைப்பாளி வயலில் இருப்பார், கதவு பூட்டியிருக்கும். ஊராட்சி உறுப்பினர்கள் அவரைக் கலந்து, எத்தெருவிற்கு எந்நேரம் ஏற்றதென வகுத்துத் தரலாம். ஊர்க்கோடிக் குடியிருப்புகள் விடுபட்டனவா என்பதைக் கிராம சபையில் கேட்கலாம். நோயாளியின் பெயரை மட்டும் அங்கு எடுத்துரைத்தல் கூடாது.