முகாமில் கரைந்த உப்பும் சர்க்கரையும்: மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் சொன்னவற்றிலிருந்து ஒரு பாடம்

ஆய்வுக்கட்டுரை ஒன்றில் எண்கள் இருக்கும், அட்டவணைகள் இருக்கும். அந்த எண்களைப் பெறுவதற்கு ஆய்வாளர் எத்தகைய தரையில் மண்டியிட்டார் என்பது அதில் இராது. அதனை அறிய, அவரோடு உரையாடியோரின் பதிவுகளையே நாம் நாட வேண்டியுள்ளது. இந்த இதழின் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது, கொல்கத்தாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் பிற்காலத்தில் அளித்த நேர்காணல்களில் நினைவுகூர்ந்த ஒரு நிகழ்வு. மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கும் எவருக்கும் அது உறவுடையதே.

அவர் 1934இல், இன்று வங்கதேசத்தில் உள்ள கிஷோர்கஞ்சில் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1958இல் பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, லண்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கேயே தங்கியிருக்கலாம், திரும்பி வந்தார். 1960களின் நடுவில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கல்கத்தாவில் நடத்திவந்த ஆய்வு மையத்தில் சேர்ந்து, காலராவால் ஏற்படும் நீரிழப்பை வாய்வழிக் கரைசலால் ஈடுசெய்வது பற்றி ஆராயத் தொடங்கினார்.

1971இல் வங்கதேச விடுதலைப் போர் மூண்டது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் அகதிகளாய் வந்தனர். மழைக்காலம், நெரிசல், தூய நீர் இல்லை. முகாம்களில் காலரா பரவிற்று. எல்லையோர ஊரான பன்காவின் மருத்துவமனைக்கு மஹலனாபிஸ் ஜூன் மாத இறுதியில் சென்றபோது, நோயாளிகள் படுக்கையின்றித் தரையெங்கும் கிடந்தனர். அவர்களுக்கு ஊசிவழித் திரவம் ஏற்ற, வாந்தியும் மலமும் நிறைந்த தரையில் மண்டியிட வேண்டியிருந்ததாக அவர் பின்னாளில் கூறினார். நாற்பத்தெட்டு மணி நேரத்திற்குள், இந்தப் போரில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று உணர்ந்தாராம். திரவப் புட்டிகள் போதவில்லை. ஏற்றத் தெரிந்தவர்களும் அவருடைய குழுவில் இருவரே.

இங்குச் சற்று நின்று, காலரா உடலில் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். காலராக் கிருமி சுரக்கும் நச்சு, குடலின் உட்சுவரிலிருந்து உப்பும் நீரும் வெள்ளமாய் வெளியேறச் செய்கிறது. கடுமையாகத் தாக்கினால், பெரியவர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை இழக்கக்கூடும். இரத்தம் வற்றுகிறது, நாடி தளர்கிறது, சில மணி நேரத்தில் உயிர் போகலாம். ஆனால் அந்த நச்சு ஒரு வாயிலை மட்டும் அடைப்பதில்லை. சோடியமும் குளுக்கோஸும் இணைந்து வந்தால் இரண்டையும் உள்ளே விடும் வாயில் அது. அவை உள்ளே செல்ல, நீரும் அவற்றைப் பின்தொடர்கிறது. ராபர்ட் கிரேன் என்னும் அறிவியலாளர் 1960இல் இந்த இணைப்பை விளக்கினார். வெறும் நீரைக் குடித்தால் போதாமையும், உப்பு நீரை மட்டும் குடித்தால் தங்காமையும் இதனாலேயே. சர்க்கரை அங்குச் சுவைக்காகச் சேர்க்கப்படுவதன்று. உப்புக்கு அது துணை.

1968இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்னும் இளம் மருத்துவர்கள், இத்தகைய கரைசலைக் குடிக்கக் கொடுத்தால் ஊசிவழித் திரவத்தின் தேவையைப் பெருமளவு குறைக்கலாம் என்று காலரா நோயாளிகளிடம் காட்டியிருந்தனர். ஆயினும் அது பயிற்சி பெற்றோரின் கண்காணிப்பில், மருத்துவமனையில் நடந்தது. அகதி முகாமில், செவிலியர் இல்லாத இடத்தில், அது பயன்படுமா என்பது எவருக்கும் தெரியாது.

மஹலனாபிஸ் தெரிந்துகொள்ளக் காத்திருக்கவில்லை. கல்கத்தா மையத்தின் நூலக அறையில் உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோஸும் நிறுத்துப் பொட்டலம் கட்டப்பட்டன. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. பிளாஸ்டிக் பைகளின் வாயைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினர். முகாமில் அவற்றைப் பெரிய டிரம்களில் கரைத்து வைத்தனர். யார் குடிக்கக் கொடுப்பது? தாய், தமக்கை, கணவர், பாட்டி. யார் அருகில் இருந்தாரோ அவரே. குவளையில் பிடித்துச் சென்று, குடிக்கக் குடிக்கக் கொடுக்குமாறு அவர்களிடம் சொல்லப்பட்டது. நினைவிழந்து கிடந்தோருக்கும் நாடி தளர்ந்தோருக்கும் முதலில் ஊசிவழியே திரவம் ஏற்றினர். அவர்கள் தேறியதும் குவளை உறவினர் கைக்குச் சென்றது.

முகாம் மருத்துவமனையில் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிற்று.

இது முறையான ஒப்பீட்டுச் சோதனையன்று என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாதியினருக்குக் கரைசலும் மறு பாதியினருக்கு வேறு சிகிச்சையும் கொடுத்து ஒப்பிடவில்லை. அந்தச் சூழலில் அவ்வாறு செய்வது அறமும் ஆகாது. எனவே ஐயுற்றோர் இருந்தனர். 1973இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய தீமன் பருவா முகாமை நேரில் கண்டவர். அவர் இந்த முறைக்குத் துணை நின்றார். ‘லான்செட்’ இதழ் 1978இல் தலையங்கம் எழுதி, சோடியமும் குளுக்கோஸும் இணைந்து செல்லும் அந்தக் கண்டுபிடிப்பை நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாகக்கூட இருக்கலாம் என்று மதிப்பிட்டது.

முகாமில் அதற்கு ‘வாய்வழி சலைன்’ என்று பெயரிட்டிருந்தனர். ஊசிவழி சலைனே உண்மையான மருந்து, குடிப்பது வெறும் தண்ணீர் என்ற எண்ணம் நோயாளிகளிடமும் இருந்தது, மருத்துவர்களிடமும் இருந்தது. அந்த எண்ணம் இன்றும் போகவில்லை என்பது நம் வெளிநோயாளர் பிரிவுகளில் அமர்ந்திருப்போருக்குத் தெரியும். “ஒரு பாட்டில் ஏற்றிவிடுங்கள் டாக்டர், தெம்பு வந்துவிடும்” என்று கேட்காத நாளில்லை. குழந்தை குடிக்கக்கூடிய நிலையில் இருந்தும், பொட்டலம் தந்து அனுப்பினால் கவனிக்கவில்லை என்று குடும்பத்தார் வருந்துகின்றனர். குடிக்க இயலும் குழந்தைக்கு, ஊசி ஏற்றும் வலியும் அதனால் வரக்கூடிய தொற்றும் வேண்டாதவை என்பதே நம் கருத்து.

இதற்கு நேர்மாறான பழக்கமும் சில வீடுகளில் உண்டு: தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று குழந்தையை வறளவிடுவது. இது மிகவும் ஆபத்தானது. போக்கு உடனே நிற்காவிடினும், இழந்த நீர் திரும்ப உள்ளே சென்றால் குழந்தை பிழைக்கும். கரைசலின் வேலை போக்கை நிறுத்துவதன்று.

இன்றைய பொட்டலம் 1971இன் பொட்டலம் அன்று. 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கலவையில் உப்பும் குளுக்கோஸும் குறைவு. பொட்டாசியமும் சிட்ரேட்டும் உண்டு. பொட்டலத்தில் அச்சிட்டுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான தூளில் பாதியைக் கண்ணளவாகப் போடுவது கூடாது. நீர் குறைந்தால் உப்பு மிகும். பாலிலோ பழச்சாற்றிலோ சோடாவிலோ கலக்கலாகாது. மேலும் சர்க்கரை சேர்க்கலாகாது. கரைத்ததை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட்டு எஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். அட்டைப் பெட்டிகளில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகா, உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று குறித்திருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். பொட்டலம் கிடைக்காத இரவில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலை தட்டிய அளவில் கலந்து கொடுக்கலாம். உப்பிட்ட அரிசிக் கஞ்சியும் நன்றே.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பின்னும் 50 முதல் 100 மில்லி வரை, தேக்கரண்டியால், ஓரிரு நிமிடத்திற்கு ஒரு முறையாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மருத்துவர் துத்தநாக மருந்து எழுதித் தந்திருந்தால், போக்கு நின்ற பின்னும் அவர் சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், எவ்வளவு குடிக்கலாம் என்று தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குழந்தை எழுப்பினாலும் எழாமல் சோர்ந்திருந்தால், குடிக்க மறுத்தால், கண்கள் குழி விழுந்தால், சிறுநீர் வெகுநேரம் பிரியாதிருந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், கொடுத்ததெல்லாம் வாந்தியாகிப்போனால், வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வரும் வழியிலும், குடிக்க முடிந்தால், கரைசலைக் கொடுத்துக்கொண்டே வாருங்கள்.

மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை மறைவுக்குப் பின் அறிவித்தது.