பரிசு வேறு, உரிமை வேறு



தீபாவளி, பொங்கல் நெருங்கினால் கம்பனிகளில் அன்பளிப்புப் பேச்சு தொடங்கிவிடும். கூடுதலாகக் கொழுந்து எடுத்த அக்காவுக்கு ஒரு சேலை, நீண்டகாலம் உழைத்த பெரியவருக்குச் சுவர்க் கடிகாரம், கொழும்புக் கடையில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு சேர்ட்டும் இனிப்புப் பெட்டியும். இவையெல்லாம் நல்ல விடயங்களே. நாலு பேர் முன்னால் பெயர் சொல்லிப் பாராட்டினால் யாருக்குத்தான் மனம் குளிராது? ஆனால் பரிசு எது, உரிமை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் நட்டம் நமக்கே. இந்தப் பாடம் அதைப் பற்றியது.

வெள்ளிப் பாத்திரம் பெற்ற துரை

இலங்கையில் தேயிலையை முதன்முதலில் வியாபாரப் பயிராக வளர்த்தவர் ஜேம்ஸ் டெய்லர். ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் வந்த அவர், கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1891இல் தோட்டத்துரைமார் சங்கம் அவருடைய சேவையைப் பாராட்டி, வெள்ளியாலான தேநீர்ப் பாத்திரத் தொகுதி ஒன்றைப் பரிசளித்தது.

அடுத்த வருடமே தோட்டக் கம்பனி அவரை வேலையை விட்டுப் போகச் சொன்னது. நாற்பது வருடம் வாழ்ந்த இடத்தை விட்டு அவர் போகவில்லை. 1892 மே மாதம், வயிற்றுளைவு நோயால் 57 வயதில் அங்கேயே இறந்தார். கண்டி மகியாவ மயானம் வரை அவருடைய உடலைத் தோள் மாற்றிச் சுமந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே.

இதில் நாம் படிக்க வேண்டியது என்ன? கிடைத்த பாராட்டு உண்மையானதுதான். ஆனாலும் அது அவருடைய வேலைக்குக் காவலாக நிற்கவில்லை. பணிக்கொடைச் சட்டமோ சேமலாப நிதியோ அன்றைக்கு இல்லை. இன்று நமக்கு அவை உண்டு. அவற்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நமக்குரிய மூன்று

1. ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். சம்பளத்தில் நூற்றுக்கு 8 நம்மிடமிருந்து பிடிக்கப்படும். நூற்றுக்கு 12 முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் இதைப் பெறலாம்.

2. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். நூற்றுக்கு 3. இது முழுவதும் முதலாளி போடுவது. நம் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது.

3. பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு உரியது. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். மாதச் சம்பளக்காரருக்கு அரை மாதச் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் மேலதிகத் தொகையும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

"பணிக்கொடை" என்ற பெயரில் கொடை இருப்பதால் அது யாரோ மனமிரங்கித் தருவது என்று நினைத்துவிடாதீர்கள். கணக்குக்காக நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 20 வருடம் உழைத்தவருக்கு 14 x 20 x 1,000, அதாவது 2,80,000 ரூபாய். "அப்பாவுக்குக் கடிகாரம் குடுத்துட்டாங்க, அதோட சரி" என்று வீட்டில் யாராவது சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

கடைக்குப் போன பிள்ளைகளுக்கு

பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கமிருந்து எத்தனையோ பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். "முதலாளி நல்லவரு, தீபாவளிக்கு உடுப்பு எடுத்துக் குடுத்தாரு" என்று சந்தோஷமாக வருவார்கள். வேலைக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி, வேலை விபரங்களை எழுதிக் கொடுப்பது முதலாளியின் கடமை.

மாதம் 30,000 ரூபாய் சம்பளம் என்றால், முதலாளி சேமலாப நிதிக்குப் போட வேண்டியது 3,600 ரூபாய். பத்து வருடத்துக்கு அது மட்டுமே 4,32,000 ரூபாய், வட்டி வேறு. பத்துத் தீபாவளிச் சேர்ட் இதற்கு ஈடாகுமா? முதலாளி மேல் கோபப்படச் சொல்லவில்லை. சேர்ட்டுக்கு நன்றி சொல்லி வாங்குங்கள். நிதி கட்டப்படுகிறதா என்பதையும் மரியாதையாகக் கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் தொழில் திணைக்கள அலுவலகத்தில் முறையிடலாம்.

பாராட்டும் முன்னேற்றமும்

பரிசு கொடுப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எதற்காகப் பரிசு, எப்படித் தெரிவு என்பதைப் பிரட்டுக்களத்திலேயே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் மகிழ, பத்துப் பேர் மனம் கசக்கும். அதேபோல, ஒரு கையெழுத்துக்காகவோ இலேசான வேலைக்காகவோ மேலுள்ளவருக்குப் போத்தலும் பழமும் கொண்டு போகாதீர்கள். உரிமையைப் பெறக் காணிக்கை தேவையில்லை.

வேலையில் முன்னேற விரும்பும் இளைஞர்களுக்கு மேடையில் வாங்கும் கேடயத்தைவிடக் கடதாசி பெரியது. வேலையை விட்டு வரும்போது சேவைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். மேசன், மின்சாரம், தையல் போன்ற தொழிலை அனுபவத்தில் கற்றவர்கள், அந்த அனுபவத்தையே பரீட்சித்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபை நிலையத்தில் விசாரியுங்கள்.

வீட்டுப் பயிற்சி

இன்றிரவு குடும்பமாக உட்கார்ந்து இவற்றைப் பாருங்கள்:

அ. வேலை செய்யும் ஒவ்வொருவரின் சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் என்ன?

ஆ. செக்ரோலில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றுதானா? ஓர் எழுத்து மாறினாலும் பணம் எடுக்கும்போது அலைய வேண்டி வரும். இப்போதே திருத்துங்கள்.

இ. பின்னுரித்தாளராக யாருடைய பெயர் கொடுக்கப்பட்டுள்ளது? அவர் இன்று உயிரோடு இருக்கிறாரா?

விடை தெரியாத கேள்வி இருந்தால், அடையாள அட்டையோடும் சம்பளச் சிட்டையோடும் தோட்டத்து நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.