கல்லைப் புரட்டிப் பார்

அன்புள்ள நிலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாமிரபரணித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, பள்ளி ஆய்வகத்தில் சோதித்துவிட்டு, "தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது மாமா" என்று எழுதியிருக்கிறாய். சோதனையில் தவறில்லை. ஆனால் பாட்டில் சொல்வது நீ அதைத் தண்ணீரில் முக்கி எடுத்த நேரத்து நிலவரத்தை மட்டும். போன வாரம் வயலில் அடித்த பூச்சிமருந்து மழையோடு வந்து கடந்து போயிருந்தால் அதற்குத் தெரியாது. ஆற்றடிக் கல்லில் மாதக்கணக்காகக் குடியிருக்கும் பூச்சிகளுக்குத் தெரியும்.

சலசலவென்று ஓடும் ஆழமில்லாத இடத்தில் உள்ளங்கை அகலக் கல் ஒன்றை எடுத்து, வெள்ளைத் தட்டில் வைத்துக் கழுவு. காட்டோடை என்றால் தட்டையான உடலும் பெரும்பாலும் மூன்று வாலுமாக மேஃபிளையின் இளம்பருவம் ஓடும். வயிற்றின் இருபுறமும் மெல்லிய தகடுகள் படபடக்கும், அவைதான் செவுள்கள். இரண்டே வால் இருந்தால் ஸ்டோன்ஃபிளையாக இருக்கலாம். காடிஸ் புழுக்களில் சில, வாயில் சுரக்கும் இழையால் மணல் துணுக்குகளை ஒட்டிக் குழல்போல வீடு கட்டிக்கொள்ளும். இந்த மூன்று கூட்டத்திலும் பெரும்பாலானவை ஆக்சிஜன் குறைந்தால் தாங்காதவை. பார்த்தபின் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடு.

சிவப்புப் புழுக்கள் நெளிந்தால்? மீன்தொட்டிக் கடையில் பார்த்திருப்பாயே, அவைதான். அந்தச் சிவப்பு, ஹீமோகுளோபின். காற்று அருகிய சேற்றிலும் அதை வைத்துச் சமாளித்துவிடும். அவை இருப்பது குற்றமில்லை, நல்ல ஓடையிலும் சில இருக்கும். அவை மட்டுமே இருந்தால்தான் யோசிக்க வேண்டும். பிரிட்டனில் 1970களில் இப்படி உயிர்களை வைத்து ஆற்றை எடைபோட ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள்: பூச்சி, புழுக் கூட்டங்களுக்கு 1 முதல் 10 வரை. ஸ்டோன்ஃபிளைகளில் பல 10 வாங்கும்; சேற்றுப்புழுவுக்கு 1. நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதை இந்திய ஆறுகளுக்கேற்ப மாற்றிப் பயன்படுத்துகிறது.

மதிப்பெண் குறைந்தால் உடனே சாக்கடைக் குழாய் எங்கே என்று தேடுவோம். குழாயே இல்லாமலும் ஆறு கெடும். உனக்கு முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். கரையோர மரங்களை வெட்டினால் நிழலும் போகும், ஆற்றுப் பூச்சிகளில் பல தின்று வாழும் உதிர்ந்த இலையும் போகும். வெயில் பட்டுத் தண்ணீர் சூடேறும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் நீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். உரம் வழிந்து வந்தால் பாசி தழைக்கும். அது பகலில் ஆக்சிஜனைத் தரும், இரவில் தானே எடுத்துக்கொள்ளும். நீ தண்ணீர் பிடித்தது மதியம்!

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது மண். சரிவில் சாலை வெட்டினாலும், கரைவரை உழுதாலும், மழையில் கரையும் வண்டல் கற்களுக்கு நடுவிலுள்ள இடுக்குகளில் போய் அடைகிறது. அந்த இடுக்குகள்தான் பூச்சிகளின் வீடு. மழை நின்றதும் மேலே தண்ணீர் தெளிந்துவிடும். ஊரும் ஆறு தெளிந்தது என்றுவிடும். கல்லைப் புரட்டினால் அடியில் சேறு அப்படியே இருக்கும்.

உன் ஆறு இதைப் படிக்க வசதியானது. பொதிகை மலைக் காட்டில் பிறக்கிறது. மாஞ்சோலைத் தேயிலைச் சரிவுகளின் தண்ணீர் மணிமுத்தாறு வழியாக வந்து சேர்கிறது. பிறகு அம்பாசமுத்திரத்து நெல்வயல்கள், அப்புறம் நெல்லை நகரம். நடுவே மணல் அள்ளிய தடங்களும் உண்டு. 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போடும் அளவுக்கு அள்ளினார்கள். (பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது.)

பாபநாசத்துக்குக் கீழே ஓரிடம், நெல்லையில் கொக்கிரகுளத்தில் ஓரிடம் பார். இரண்டும் கற்களின் மேல் ஓடும் நீராக இருக்கட்டும். ஓடும் நீரையும் தேங்கிய நீரையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். கரையில் மரமா, வயலா, வீடா என்பதையும் பூச்சிப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே குறி. ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் வடிந்த கையோடு போகாதே. வெள்ளம் பூச்சிகளையும் அடித்துப் போயிருக்கும். தை பிறந்தபின், அணையில் தண்ணீர் திறக்கவில்லை என்று விசாரித்துக்கொண்டு, அப்பாவோடு போ. தம்பியைக் கரையிலேயே உட்கார வைத்து எழுதச் சொல்.

அன்புடன்,
மாமா