ஜி-28 என்றொரு படிவம்

அகதி என்ற சொல்லை நாம் எளிதாகப் பயன்படுத்துகிறோம். அரசு நடைமுறையில், கோரிக்கை ஏற்கப்படும் வரை ஒருவர் புகலிடம் கோருபவராகவே கருதப்படுகிறார். அதுவரை பல நாடுகள் அவரைக் காவலில் வைக்கின்றன. அமெரிக்காவில் இவ்வழக்கு குற்ற வழக்காகக் கருதப்படுவதில்லை. ஆகவே அரசு செலவில் வழக்கறிஞரும் பொதுவாகக் கிடையாது. (இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை, அது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.)

இப்படிக் காவலில் இருப்போருக்குச் சமய அன்பர்கள் செய்யக்கூடியது என்ன? ஆறுதல், பிரார்த்தனை என்றுதான் முதலில் தோன்றும். அரிசோனாவில் நடந்ததைப் பார்த்தால் வேறு விடை கிடைக்கிறது.

1981 மே மாதம். டூசான் நகரில் வாழ்ந்த ஜிம் கார்பெட், 'நண்பர்கள் சபை' எனப்படும் குவேக்கர் பிரிவைச் சேர்ந்தவர். தத்துவம் படித்தவர், ஆடு வளர்த்தவர். எல் சால்வடாரிலிருந்து ஓடிவந்த ஓர் இளைஞரைத் தம் நண்பரின் வண்டியிலிருந்து எல்லைக் காவலர் பிடித்துச் சென்றனர் என்று கேள்விப்பட்டார். மறுநாள் தொலைபேசியில் அதிகாரத் தொனியில் விசாரித்தார். நகரின் முன்னாள் மேயருக்கும் அதே பெயர்! இளைஞர் இருக்குமிடம் தெரிந்துவிட்டது.

ஜி-28 என்ற படிவத்தில் பிரதிநிதி ஒருவரைக் குறித்துக் கைதி கையெழுத்திட்டால், உடனே நாடு கடத்துவது கடினம் என்று பாதிரியார் ஒருவர் சொல்லியிருந்தார். நொகாலெஸ் நகரச் சிறைக்குச் சென்ற கார்பெட், அங்கே மேலும் சில சால்வடாரியர்களைக் கண்டார். அவர்களுக்கும் படிவம் வாங்கி வரப் போனார். அலுவலகத்தில் காக்க வைத்தார்கள். திரும்பி வருவதற்குள் அவர்களை வேறிடத்திற்குக் கொண்டு போய்விட்டனர்.

தாமதத்தின் பொருளை அறிய அன்றைய நிலையை நினைக்க வேண்டும். எல் சால்வடாரில் உள்நாட்டுப் போர். 1980 மார்ச் 24 அன்று பேராயர் ரொமேரோ திருப்பலியின்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அரசுக்கு உதவி வந்த அமெரிக்கா, அங்கிருந்து தப்பி வந்தவர்களைப் பொருளாதாரக் காரணத்துக்காக வந்தவர்கள் என்றது. 1984இல்கூட அவர்களுள் நூற்றுக்கு மூவருக்கும் குறைவானோரே புகலிடம் பெற்றனர். 'நானாகவே திரும்புகிறேன்' என்ற தாளில் பலரிடம் கையெழுத்து வாங்கப்பட்டது.

எனவே டூசான் சபைகள் கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோ முகாமுக்கு ஆட்களை அனுப்பின. கைதிகளின் கதையைக் கேட்டு மனு எழுதுவது, ஜாமீன் பணம் திரட்டுவது, விடுதலையானவரை வீட்டில் தங்க வைப்பது என்று வேலை நீண்டது. கார்பெட் கடன் வாங்கினார். சொந்த வீட்டை ஈடு காட்டியவர்களும் உண்டு. எல்லாம் சட்டத்திற்குட்பட்ட வேலை. ஆனால் மனுக்கள் தள்ளுபடியாகிக்கொண்டே இருந்தன; ஜாமீன் கட்டி மீட்டது நாடு கடத்தலைத் தள்ளிப்போட மட்டுமே உதவியது.

அதன் பிறகே 1982 மார்ச் 24 அன்று, ரொமேரோவின் நினைவு நாளில், ஜான் ஃபைஃப் என்ற போதகர் தம் சவுத்சைடு பிரெஸ்பிடேரியன் ஆலயத்தைப் புகலிடமாக அறிவித்தார். இவர்கள் சட்டத்தை மதியாதவர்கள் என்று எழுதுவோர், முந்தைய பத்து மாதங்களை மறந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து. 1986இல் எட்டுப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. ஃபைஃபுக்கு நன்னடத்தைக் காவல். கார்பெட் விடுவிக்கப்பட்டார்.

நீதிமன்றங்களில் வேறு வழக்குகளும் நடந்தன. புகலிடம் கோரும் உரிமை உண்டு என்பதைக் காவலிலுள்ள சால்வடாரியர்களுக்கு அதிகாரிகளே எடுத்துச் சொல்ல வேண்டும் என 1982இல் வந்த இடைக்கால ஆணை 1988இல் நிரந்தரமாயிற்று. சபைகள் தொடுத்த வழக்கில் 1991இல் உடன்பாடு ஏற்பட்டு, மறுக்கப்பட்ட சால்வடாரிய, குவாத்தமாலா மக்களின் மனுக்களை மீண்டும் விசாரிக்க அரசு இசைந்தது. அதற்குள் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டவர்களுக்கு அது பயன்படவில்லை.