பாப்பாவுக்குப் பெரியப்பா எழுதுவது

திருத்துறைப்பூண்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ எழுதியதைப் படித்தேன். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுச் சிநேகிதிகளோடு சேர்ந்து முத்துப்பேட்டையிலேயே பெண்களுக்கென்று ஓர் அறக்கட்டளை பதியலாமா, இல்லை ஏற்கெனவே நடக்கிற அமைப்பில் போய்ச் சேரலாமா என்று கேட்டிருக்கிறாய். முடிவு உன்னுடையதுதான், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் போன வாரம் ராத்திரி புருஷனிடம் அடிவாங்கிய ஒரு பெண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு தனியாக மகளிர் காவல் நிலையத்துக்குப் போனாயாமே. மறுநாள் அவள் புருஷனும் அவன் அண்ணனும் வாசலில் நின்று கத்தியது உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ அதை எழுதவே இல்லை. அந்த ரோட்டில் பாதி தூரம் விளக்குக் கிடையாது. உன் அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது, எனக்கும்தான்.

அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள்? அதே வீட்டுக்குத்தானே திரும்பியிருப்பாள்? புகார் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு பெண் எங்கே போய்ப் படுப்பாள் என்பதுதான் எனக்கு எப்போதும் உள்ள கேள்வி. சின்ன அத்தையை நினைக்காமல் இதை எழுத முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்பே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நகை போட்டாச்சு, சீர் செய்தாச்சு, நிலத்தில் உனக்கென்ன என்றார்கள். பிள்ளைகளோடு அவள் திரும்பி வந்தபோது மாட்டுக்கொட்டகைச் சார்ப்பைத்தான் ஒழித்துக் கொடுத்தார்கள். 1989-இல் பூர்விகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது கிடையாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அத்தை போய்ச் சேர்ந்துவிட்டாள், எனக்கு இன்னும் ஆறவில்லை.

கூட்டுறவுச் சங்கத்தில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் நான் பார்த்ததும் இதைத்தான். நாற்றுப் பறிப்பது, நடுவது, களையெடுப்பது எல்லாம் பெண்கள். பயிர்க்கடன் என்று வந்தால் சிட்டாவும் அடங்கலும் புருஷன் பேரில் இருக்கும், மாமனார் பேரில் இருக்கும், செத்துப்போனவர் பேரில்கூட இருக்கும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது நம் பக்கத்துத் தென்னையெல்லாம் சாய்ந்ததே, நிவாரணத்துக்கு அலைந்தபோது முதலில் கேட்டது என்ன? பட்டா யார் பேரில் என்பதுதானே? தண்ணீர் ஊற்றி வளர்த்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதனால்தான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைப் பற்றி உனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். 1968 டிசம்பர் 25-இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்த அம்மாளும் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்கு வந்தார்கள். நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்தவர் அந்த அம்மாள், கூலிக்காரப் பெண்ணின் வயிறு அவருக்குத் தெரியும். 1981-இல் லாஃப்டி இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலக்காரரையும் கூலிக்காரரையும் நேருக்கு நேர் உட்காரவைத்து விலை பேசினார்கள். வங்கிக் கடன் வாங்கி நிலத்தைக் கிரயம் செய்தார்கள். சேர்ந்து சாகுபடி செய்து கடனை அடைத்தார்கள். குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் என்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது. பத்திரத்தைப் பெண்கள் பேரில் எழுதினார்கள் பார், நான் கும்பிடுவது அந்த ஒரு காரியத்துக்காகத்தான். குடிக்கிறவன் அதை அடகு வைக்க முடியாது. அடித்துத் துரத்தவும் யோசிப்பான்.

இறால் பண்ணை வழக்கையும் பார். கடலோரத்தில் வயல் உப்பாகி, கிணறு உப்பாகி, நடவு வேலை இல்லாமல் பெண்கள் நின்றபோது கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும்தான் போராடினார்கள். ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இருக்கிற பண்ணைகளை 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும் என்றது. எவ்வளவு பெரிய வெற்றி! 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து அதைச் செல்லாக்காசாக்கிவிட்டது. தீர்ப்புக்கு அந்தக் கதி. பெண் பேரில் எழுதிய ஏக்கரை எந்தச் சட்டமும் தொடவில்லை.

குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறதே பெரியப்பா என்பாய். வீடு யார் பேரில் இருந்தாலும் மனைவி அங்கே குடியிருக்கலாம் என்று 2005-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது, நல்ல சட்டம்தான். அந்த உத்தரவை வாங்க அவள் நீதிமன்றப் படி ஏற வேண்டும், அதுவரை அடி நிற்காது.

அறக்கட்டளை பதிவது பெரிய காரியமில்லை. அப்புறம்தான் சங்கடம். தணிக்கை, வருமானவரிக் கணக்கு, வாடகை என்று வரிசையாக வரும். வெளிநாட்டு நிதி வாங்கப் பதிவு வேண்டுமென்றால் மூன்று வருஷம் நடந்திருக்க வேண்டும், 15 லட்சம் ரூபாய் செலவு காட்ட வேண்டும். அந்த மூன்று வருஷமும் நீ பெண்களைப் பார்ப்பாயா, ரசீதுக் கட்டைப் பார்ப்பாயா? தையல் மிஷின் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போன அமைப்புகளை நம் ஊரும் நிறையப் பார்த்திருக்கிறது. நீ அப்படி ஆகிவிடக் கூடாது.

முதலில் கூத்தூர் போய் லாஃப்டி வாங்கிக் கொடுத்த ஏக்கர்களில் பயிர் வைக்கிற பெண்களிடம் உட்கார்ந்து பேசு. பிறகு அனுபவமுள்ளவர்களோடு சேர்ந்து வேலை பார். தாலுகா ஆபீஸில் பெண்களோடு கூட நில். வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், கூட்டுப் பட்டாவில் மனைவி பெயர், இதெல்லாம் நான் எழுதிக் கொடுக்கிறேன். 2025 ஏப்ரலிலிருந்து பெண் பேரில் பத்து லட்சம் ரூபாய் மதிப்பு வரை பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். இது எத்தனை வீட்டில் தெரியும்? வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

ரொம்பப் பேசிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே கண்ணு. அந்த ராத்திரியில் அவளுக்கென்று கிளம்ப ஊரில் வேறு யாரும் இல்லை, நீதான் கிளம்பினாய். நம் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை பிறந்ததே என்று உன் பெரியம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறேன். நீ அறக்கட்டளையே தொடங்கினாலும் முதல் நன்கொடை என்னுடையதுதான், திறப்பு விழாவுக்கு முதல் ஆளாக வந்து நிற்பேன். உனக்குப் பிடித்த மாவடு போட்டு வைத்திருக்கிறாள் பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துப் போ. இனிமேல் ராத்திரியில் போக நேர்ந்தால் எனக்கு ஒரு போன் போடு, எந்த நேரமானாலும் நான் வருகிறேன். தனியாக மட்டும் போகாதே.

அன்புடன்,
பெரியப்பா